ராகு காலத்தில் ஒரு ஜீப்பு

அந்த ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒரு கையில் திருப்புளியும் இன்னொரு கையில் டார்ச் லைட்டுமாகச் சேது துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். மேலே நின்ற அண்ணன் நல்லசாமி மறுபடியும் கேட்டார்.

"மணி என்னாடா ஆச்சு?"

"கையில கடிகாரத்தக் கட்டிக்கிட்டு என்னைய ஏண்ணே கேக்குறீங்க?"

"என் கடிகாரம் பழைய மணிடா. ஊரு மணி என்னான்னு கேட்டேன்."

கேட்டீர்களா? ஒரு மனுஷன் வண்டியைப் பார்ப்பானா, இவருக்கு மணி சொல்லிக்கொண்டிருப்பானா? துருத்தூள் பொலபொலவென்று சேதுவின் கண்ணில் கொட்டியது. கண் எரிந்தது. வயிறு அதைவிட எரிந்தது. வாங்கப்போகிறவன் அவன், ஓட்டப்போகிறவன் அவன், சேற்றில் படுத்துத் துருத் தின்கிறவனும் அவன். சும்மா நிற்கிறவருக்கு மணி வேண்டுமாம்!

இந்த மணி விவகாரத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நல்லசாமியைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். 1982 பிறந்த அன்றைக்கு மலேசிய அரசாங்கம் இங்கே கடிகாரத்தையெல்லாம் அரை மணி முன்னால் தள்ளி வைக்கச் சொன்னது. சபா, சரவாக்கோடு ஒரே மணியாக இருக்க வேண்டுமாம். தோட்டத்து ஆபீஸ் தள்ளி வைத்தது, பள்ளிக்கூடம் தள்ளி வைத்தது, கள்ளுக்கடைகூடத் தள்ளி வைத்தது. நல்லசாமி மட்டும் வைக்கவில்லை. "அவனுங்க சொன்னா சூரியன் அரை மணி முன்ன வந்துருமா?" என்று கேட்டார். அவர் தோட்டத்தில் மண்டோர். விடிகாலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுக்கிறவர். அதனால் வேலைக்குப் புது மணி, மற்ற எல்லாவற்றுக்கும் பழைய மணி என்று வைத்துக்கொண்டு, மூன்று மாதமாகத் தானும் குழம்பி ஊரையும் குழப்பிக்கொண்டிருந்தார்.

கோயிலில்தான் பெரிய கூத்து. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு என்று காலண்டரில் போட்டிருக்கிறது. எந்த நாலரை? பழைய நாலரையா, புது நாலரையா? காலண்டரை அச்சடித்தவனுக்கு மணி மாறப்போவது தெரியுமா, தெரியாதா? பூசாரி சன்னாசி புது மணிதான் கணக்கு என்றார். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி பழைய மணிதான் என்று சத்தியம் செய்தார். பேச்சு முற்றிக் கைகலப்பாகி, ஒரு வீட்டுக் காதுகுத்தே நின்றுபோனது. சேதுவுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பான சிரிப்பு. வீட்டில் வந்து பூசாரி மாதிரியும் கிராணி மாதிரியும் நடித்துக் காட்டி, மனைவி கலாவதி முன்னால் விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்தச் சிரிப்பெல்லாம் இன்று, இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு சரி.

ஜீப்பு பாசிர் பெனம்பாங்கில் மீன் வியாபாரம் செய்கிற சீன முதலாளி ஆ லெக் தவுக்கேயுடையது. ஜப்பான்காரன் செய்த குட்டி ஜீப்பு. மேலே கான்வாஸ் கூரை, பச்சைச் சாயம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. மீன் பெட்டி ஏற்றி ஏற்றி, உள்ளே தலையை விட்டால் குடலைப் புரட்டும் நாற்றம். ஆனால் கியருக்குப் பக்கத்துக் குச்சி ஒன்றை இழுத்துப் போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேதுவுக்கு அது ஒன்று போதும். நாற்றத்தைக் கழுவிக்கொள்ளலாம்.

ஏன் அது ஒன்று போதும் என்றால், தோட்டத்துச் சடக்கு அப்படி. புக்கிட் ரோத்தான் பெரிய ரோட்டிலிருந்து தொழிலாளர் லயத்துக்கு வர செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரே செம்மண் பாதை. வெயில் காலத்தில் புழுதி. மழை பெய்தால் சேறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கலாவதிக்கு வலி எடுத்த அன்று அடைமழை. டாக்சிக்காரன் பெரிய ரோட்டு முனையோடு நின்றுகொண்டு, உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். தோட்டத்து லோரியைக் கேட்டு வாங்கி, பின்னால் பாய் விரித்து, மேலே தார்ப்பாய் கட்டி அவளை ஏற்றினார்கள். பாதி வழியில் லோரி அச்சு மட்டும் புதைந்தது. சேது டிராக்டர் ஓட்டுகிறவன். ஓடிப்போய் டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்தான். லோரி மேலே வருவதற்குள் பிள்ளை வந்துவிட்டது. ஆண் பிள்ளை. அழவேயில்லை.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். மழை மறுபடியும் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. சாயந்தரமானால் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. சீட்டுப் பணத்தை எடுத்து, கலாவதியின் சங்கிலியையும் அடகு வைத்து, நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு வண்டியை வாங்கி லயத்து வாசலில் நிறுத்தினால்தான் சேதுவுக்கு ராத்திரி தூக்கம் வரும். வேறு எதுவும் அவன் கேட்கவில்லை.

அதற்குத்தான் இவ்வளவு பாடு. போன வாரம் தனியாக வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். இன்று முடித்துவிடலாம் என்று கிளம்பினால், "நானும் வர்றேன்" என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து நின்றார் நல்லசாமி. வாங்குகிற, விற்கிற காரியத்துக்கு அழைத்தால்கூட வராத மனுஷர். நெற்றி நிறைய விபூதி, சலவைச் சட்டை. கிளம்பும்போது கலாவதி வாசலில் நின்று, "மாமா, பாத்து" என்று சொன்னாள். புருஷனின் அண்ணனை மாமா என்றுதான் அவள் கூப்பிடுவாள். மோட்டார் சைக்கிளைத்தான் பார்த்து ஓட்டச் சொல்கிறாள் என்று சேது நினைத்துக்கொண்டான்.

வழியெல்லாம் தாமதம். கோல சிலாங்கூரில் நின்று ஒரு தேத்தண்ணி. ஆற்றைக் கடந்ததும் டயரில் காற்றுப் போனது. இப்படியே மத்தியானம் போய், பாசிர் பெனம்பாங் வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

சேது ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். முதுகெல்லாம் மீன் தண்ணீர். பின் சீட்டுக்குக் கீழே தரையில் ஓர் இடத்தில் திருப்புளி பொத்துக்கொண்டு உள்ளே போனது. உப்புத் தண்ணீர் தின்ற இடம். பத்து காசு அகலம்தான், தோட்டத்துப் பட்டறையில் ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்தால் தீர்ந்தது. சட்டத்தைத் தட்டிப் பார்த்தான். கணீரென்று கேட்டது. இன்ஜின் எண்ணெயைத் தொட்டு முகர்ந்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"பாதி ஓட்டையா இருக்கேடா" என்றார் நல்லசாமி.

"ஒரே ஒரு ஓட்டைண்ணே."

"ஒரு ஓட்டை இருந்தா நாலு ஓட்டை இருக்கும்."

"நீங்க படுத்துப் பாருங்க. நாலு இருந்தா நான் இந்த ஆத்துல குதிச்சிடறேன்."

அவர் படுக்கவில்லை. சலவைச் சட்டையாயிற்றே! ஒரு டயரை மட்டும் காலால் உதைத்துவிட்டு, பெரிய சோதனை முடித்தவர் மாதிரி நகர்ந்து நின்றுகொண்டார்.

தவுக்கே சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். அவரோடு பேசுவதெல்லாம் மலாய் மொழியில்தான். "சேத்துல இறக்கிப் பாரு லா" என்றார். வேறு யாரும் இப்படிச் சொல்லமாட்டார்கள். படகுத்துறை ஓரம், நீர் வற்றின ஆற்றங்கரையில் முழங்கால் ஆழச் சேறு. சேது ஜீப்பை அதற்குள் விட்டான். சக்கரம் சுற்றியது, வழுக்கியது, வண்டி அசையவில்லை. குச்சியை இழுத்துப் போட்டான். முன் சக்கரம் பிடித்தது. எருமை கரையேறுகிற மாதிரி நிதானமாக ஓர் ஆட்டம் ஆடிவிட்டு ஜீப்பு மேலே ஏறி வந்து நின்றது.

அன்றைக்கு இது இருந்திருந்தால்! சேது கண்ணைத் துடைத்தான், துருத்தூள் என்று சொல்லிக்கொண்டான். பின்னால் உட்கார்ந்திருந்த நல்லசாமி மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, "மணி என்னாடா?" என்றார்.

விலை பேச அதிக நேரம் ஆகவில்லை. ஓட்டையைக் காட்டி சேது கொஞ்சம் குறைத்தான். தவுக்கே ஒரு தடவை தலையை ஆட்டினார், ஒரு தடவை தலையில் அடித்துக்கொண்டார், கடைசியில் "ஓக்கே லா" என்றார். வண்டியின் உரிமைப் பத்திரம், கிராண்டை எடுத்து வருகிறேன் என்று மாடிக்குப் போனார். போனவர் வரவில்லை. மேலே அவரும் அவர் சம்சாரமும் அலமாரியைத் திறந்து மூடுகிற சத்தமும், ஒருவரை ஒருவர் ஏசுகிற சத்தமும் மட்டும் கேட்டது. ஒருவழியாக கிராண்டை நீட்டிக்கொண்டு இறங்கி வந்தார். சேது சட்டைப் பைக்குள் கையை விட்டான். அந்தக் கையை நல்லசாமி கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"வேணாம். நாலரை ஆயிருச்சு."

"என்னாண்ணே நாலரை?"

"ராகு காலம்டா."

சேது அவரையே பார்த்தான். தவுக்கேயின் கடைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். நாலரைக்கு மேல் ஒரு நூலிழை தாண்டியிருந்தது.

"உங்க கடிகாரத்துல இன்னும் நாலுதானே? பழைய மணிதான் சரின்னு மூணு மாசமா ஊரோட சண்டை போட்டீங்கல்ல? அந்த மணிக்கு இன்னும் நேரம் இருக்கே!"

"என் மணிக்கு இருக்கு. ஊரு மணிக்கு இல்லையே."

"அப்ப அட்வான்ஸ் மட்டும் குடுக்கிறேன்."

"பணம் கை மாறுனா வாங்குன மாதிரிதான்."

"சும்மா கையில வச்சிருக்கச் சொல்லிக் குடுக்கிறேன். பத்திரமா வச்சிருக்கட்டும். வாங்குறது அப்புறம்."

"யாருகிட்டடா வித்தை காட்டுற? ராகுவுக்குக் கண்ணு தெரியாதா?"

சேதுவுக்கு அங்கேயே தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தவுக்கேயாவது தன் பக்கம் பேசுவார் என்று அவரிடம் திரும்பி, என் அண்ணனுக்கு நேரம் சரியில்லையாம், நீங்களே சொல்லுங்கள் என்றான். சொல்லியிருக்கக் கூடாது. தவுக்கே முகம் மாறியது. சுவரில் தொங்கிய சிவப்புச் சீனக் காலண்டர் பக்கம் போய் உதட்டை அசைத்துப் படித்தார்.

"நேரம் சரியில்லன்னா வாங்கக்கூடாது" என்றார் பயபக்தியோடு. "நாங்களும் பாப்போம். நாள் சரியில்லாம புதுப் போட்டை ஆத்துல இறக்கவே மாட்டோம். ஒக்காருங்க, காப்பி குடிங்க." நல்லசாமி அவரோடு கை குலுக்கினார். ஆளுக்கு ஆள் தலையாட்டிக்கொண்டார்கள். கூட்டுக் களவாணிகள் என்று சேது மனசுக்குள் இருவரையும் வைதான்.

"ஆனா ஒண்ணு" என்றார் தவுக்கே. "செகிஞ்சான்லருந்து ஒரு ஆளு ஆறு மணிக்கு மேல வரேன்னு சொல்லியிருக்கான். யாரு முதல்ல பணம் வைக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் வண்டின்னு அவனுக்கு வாக்கு குடுத்துட்டேன். அது தப்பக்கூடாது லா."

"ஆறோட ராகு காலம் முடிஞ்சிரும். முடிஞ்ச கையோட வச்சிடறேன்" என்றான் சேது.

பக்கத்துக் காப்பிக் கடையில் போய் உட்கார்ந்தார்கள். அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு காப்பி குடித்ததில்லை. ஒரு மடக்குக் குடிப்பான், கடிகாரத்தைப் பார்ப்பான். எழுந்து போய் ஜீப்பைச் சுற்றி வருவான். அது அங்கேயே நிற்கும். கூரைக் கான்வாஸில் ஒரு பூனை ஏறிப் படுத்திருந்தது. அவன் வந்து உட்காருவான். எதிரே நல்லசாமி ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தோய்த்துத் தின்றார். பல் சரியில்லாததால் மெதுவாகத்தான் தின்பார். அந்த மெதுவும் சேதுவுக்கு ஆத்திரமாக வந்தது. மேற்கே கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

"மழை வரும்போல" என்றார் நல்லசாமி.

"வரட்டும். அதுக்கு ராகு காலமெல்லாம் கிடையாது."

சேது மறுபடியும் எழுந்துபோய் ஜீப்பைச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

கடிகாரத்தின் பெரிய முள் நிமிர்ந்து நின்றதோ இல்லையோ, சேது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "ஆறாச்சு. எந்திரிங்க."

நல்லசாமி எழவில்லை. தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "என் மணிக்கு அஞ்சரைதான்டா."

சேதுவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினபோது காது இரண்டும் சூடாயிற்று.

"நாலரைக்கு ஊரு மணி சொன்னீங்க. இப்ப உங்க மணி சொல்றீங்க. ஆரம்பிக்கிறது புது மணியில, முடியுறது பழைய மணியிலயா? இது எந்த ஊரு ராகு காலம்ணே?"

"எது சரின்னு யாருக்குடா தெரியும்? ரெண்டும் கழியட்டும். இன்னும் அரை மணி பொறுத்தா என்னா குடியா முழுகிடும்?"

அவர் சொல்லி வாயை மூடவில்லை, செகிஞ்சான் பக்கமிருந்து ஒரு சின்ன லோரி வந்து தவுக்கே கடை முன்னால் நின்றது. நெல் வயல்காரன் ஒருவன், வாலிபன், ரப்பர் பூட்ஸோடு குதித்தான். அவன் ஜீப்புக்கு அடியில் படுக்கவில்லை, துரு பார்க்கவில்லை, டயரை உதைக்கவுமில்லை. பூனையைத் தூக்கிக் கீழே விட்டான். சாவியைத் திருகி இன்ஜின் சத்தத்தைக் கேட்டான். உள்ளே முகர்ந்துவிட்டு உரக்கச் சிரித்தான். தவுக்கேயும் சிரித்தார். சிரித்துவிட்டு, காப்பிக் கடைப் பக்கம் பார்த்து, வருகிறாயா இல்லையா என்பது போலக் கையை விரித்தார்.

சேது கிளம்பினான். நல்லசாமி எழுந்து அவன் தோளைப் பிடித்தார். அவ்வளவுதான்.

"விடு!" என்று கத்தினான். பதினைந்து வயது மூத்த அண்ணனை நீ, வா, போ என்று அவன் ஒருநாளும் பேசினதில்லை. "என் புள்ள அந்த லோரியில செத்தப்ப நீயும் கூடத்தானே இருந்தே? சேத்துல எறங்கி நீயும்தானே தள்ளுனே? கண்ணால பாத்துட்டுமா இப்படி ஒக்காந்து ரொட்டி திங்கிறே? உனக்கு ஈரமே கெடையாதா? நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் கடிகாரம் வந்து தூக்குமா?"

காப்பிக் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நல்லசாமி கோபப்படவில்லை. தோளிலிருந்து கையை எடுத்தார். ரொட்டித் தட்டை ஒதுக்கி வைத்தார்.

"எனக்காக நான் பாக்கலடா" என்றார். "கலா கேட்டுக்கிச்சு."

"என்னா கேட்டுக்கிச்சு?"

"சொல்லக்கூடாதுன்னு சொல்லிச்சு. நீ இப்படிப் பேசுனதுக்கப்புறம் நான் என்னாத்தச் சொல்லாம இருக்கிறது?" அவர் மூச்சை இழுத்து விட்டார். "வியாழக்கிழமை நீ வேலைக்குப் போனப்புறம் எங்க வீட்டுக்கு வந்துச்சு. 'மாமா, வண்டி வாங்கப் போறப்ப நீங்க கூடப் போங்க. ராகு காலத்துல அவரு பணம் குடுக்காமப் பாத்துக்குங்க. பழைய மணியோ புது மணியோ, எனக்குத் தெரியல மாமா, ரெண்டும் கழியட்டும்'னு சொல்லிச்சு. போன தடவை அத லோரியில ஏத்துனோமே, அப்ப ராகு காலமாம். படுத்துக்கிட்டே செவத்துக் கடிகாரத்தப் பாத்துச்சாம். சொல்லணும்னு நெனச்சிச்சாம். நீ எல்லாத்தையும் ஏசிக்கிட்டு, உள்ளயும் வெளியும் ஓடிக்கிட்டு இருந்தியாம். சரின்னு வாயை மூடிக்கிச்சாம். தான் வாயை மூடுனதாலதான் புள்ள போச்சுன்னு நெனச்சிக்கிட்டுக் கெடக்கு. ரெண்டு வருஷமா."

"என்கிட்ட ஏன் சொல்லல?" சேதுவின் குரல் எழும்பவில்லை.

"சொன்னா கத்துவே. இல்லன்னா சிரிப்பே. கோயில் தகராறுக்கு நீ நடிச்சுக் காட்டிச் சிரிச்சியாமே, அது பாத்துக்கிட்டுத்தானே இருந்திச்சு?"

தவுக்கே மறுபடியும் கையை விரித்தார். நல்லசாமி சேதுவின் முதுகைத் தட்டினார். "போ. போய்க் குடு. ஆறரைக்கு மேலதான் குடுத்தோம்னு நான் சொல்லிடறேன். அது என் பேச்ச நம்பும்."

சரி, இப்போது யாரும் தடுக்கவில்லை. பணம் பையில் இருந்தது. பத்து எட்டு வைத்தால் ஜீப்பு. சேது ஏன் போகவில்லை என்று கேட்டால், அவனுக்கே தெரியாது. பெரிய தியாகம் எல்லாம் இல்லை. வலி எடுத்து, மழை கொட்டி, அவளை அந்த ஜீப்பில் தூக்கி வைக்கும்போது அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்ப்பாள் என்று தோன்றியது. பார்த்தால் தெரிந்துவிடும். அவனுக்குப் பொய் வராது. சின்னப் பொய்க்கே கழுத்தெல்லாம் சிவந்துபோகும். அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டால்? ராகுவோ கேதுவோ, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்குள் அவள் செத்துச் செத்துப் பிழைப்பாளே. போகலாம் என்று மனசு சொல்லியது. கால் நகரவில்லை. அதற்குள் செகிஞ்சான்காரன் பணத்தை எண்ணித் தவுக்கே கையில் வைத்துவிட்டான்.

ஜீப்பு அவர்களைத் தாண்டித்தான் போனது. காப்பிக் கடை முன்னால் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கி, அலுங்காமல் ஏறிப் போனது. சேது அதன் பின்னால் பார்த்துக்கொண்டே நின்றான். அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அண்ணன் மேல் காட்ட முடியாது. அவள் மேலா காட்டுவது? இத்தனை நாள் காட்டினதுதான் போதுமே.

வீடு திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மழை இன்னும் வரவில்லை, காற்று மட்டும் ஈரமாக வீசியது. சடக்கின் பள்ளம் ஒவ்வொன்றிலும் மோட்டார் சைக்கிள் தூக்கிப் போட்டது. லயத்து வாசலில் கலாவதி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஒற்றை விளக்கு வருவதைப் பார்த்து, இரண்டு விளக்கு பின்னால் வருமோ என்று எட்டிப் பார்த்தாள்.

"ஜீப்பு எங்கங்க?"

"வாங்கல. நேரம் கழியுறதுக்குள்ள வேற ஆளு வாங்கிட்டான்."

அவள் நல்லசாமியைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். போய்விட்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது. வசவு வரும் என்று எதிர்பார்க்கிறவள் மாதிரி அவள் தோள் சுருங்கியது. சேது அதைப் பார்த்தான். கட்டின நாளிலிருந்து அந்தச் சுருக்கத்தை எத்தனையோ தடவை பார்த்திருப்பான், இன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது.

"லோரி சேத்துல பொதஞ்சதுக்கு நீ என்னா பண்ணுவே, கலா?"

"தெரியும்ங்க" என்றாள் மெல்ல. "பகல்ல தெரியுது. ராத்திரி படுத்தா தெரிய மாட்டேங்குது."

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். மேற்கே மின்னியது.

"வேற வண்டி தேடுறேன்" என்றான். "அதுக்குள்ள வலி எடுத்துட்டா என்னா பண்றதுன்னுதான்..."

"கோல சிலாங்கூர்ல நாகமணி அக்கா வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலதாங்க இருக்கு" என்றாள் கலாவதி. "போன மாசமே வந்து இருடின்னு சொல்லி விட்டுச்சு. புள்ள பொறக்குற வரைக்கும் அங்கயே இருந்துடலாம்னு. நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போயிறலாம்."

சேது நிமிர்ந்து பார்த்தான். "போன மாசமேவா? ஏன் சொல்லல?"

"நீங்க ஜீப்பு ஜீப்புன்னு இருந்தீங்க."

திருப்புளியும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் துருச் சுரண்டப் போனவன், வீட்டுக்குள் இருக்கிற ஒருத்தியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் முடிந்திருக்கும். சேதுவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தவில்லை. முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"சரி, போவோம்" என்றான். சொல்லிவிட்டு உள்ளே எட்டிச் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்தான். இவ்வளவு நாளில் அவனாக அதைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. "எப்பப் போறதுன்னு நீயே பாத்துச் சொல்லு. பழைய மணியா இருந்தாலும் சரி, புது மணியா இருந்தாலும் சரி. நான் சிரிக்க மாட்டேன்."

கலாவதி காலண்டரைப் பார்க்கவில்லை. படியில் இறங்கி வந்து, மின்னின பக்கத்தையும் இருட்டில் கிடந்த செம்மண் சடக்கையும் பார்த்தாள்.

"மழைக்கு முந்திப் போயிறலாம்ங்க" என்றாள்.